மலட்டு நாகு: பசுவினத்தின் பிறவிக் குறைகள் பற்றிய ஓர் ஆய்வு

பசு என்று பொதுப்பெயரால் நாம் வழங்கும் விலங்கினத்துக்குப் பண்டைத் தமிழர் பருவத்துக்கும் பாலுக்கும் ஏற்பப் பல பெயர்களை வகுத்து வைத்தனர். தொல்காப்பிய மரபியல் எருமை, மரை, பெற்றம் என்னும் மூன்றன் பெண்பாலுக்கும் நாகு என்ற பெயரை உரியதாக்குகின்றது. அச்சொல் ஏட்டளவில் நின்றுவிடாது ஈழத்து மாட்டுப் பட்டிகளில் இன்றும் வழங்கி வருகின்றது. கன்றுப் பருவங் கடந்தும் இன்னும் ஈனாத இளம் பசுவையே நம்மவர் நாகு என்பர். அந்நாகு ஒருபோதும் ஈனாது போமாயின், மலடு என்ற ஒரு சொல்லால் அதன் கதையை முடித்துவிடுவர். அவ்வொரு சொல்லினுள்ளே தம்முட் சிறிதும் ஒவ்வாத பல குறைகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுள் பிறவியிலேயே அமைந்தவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குப் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையை நிலைக்களனாகக் கொள்வோம். ஒருபுறம் இந்து சமுத்திரமும் மறுபுறம் புத்தளம் களப்பும் அணைக்க, இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் உள்ளது இவ்வூர். 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையத்தாலேயே நாட்டின் பிற பாகத்தார் இதனை அறிவர். ஆயினும் ஊரவரின் வாழ்வு பெரிதும் மணற்றரையையும் கடலையுமே சார்ந்தது. வெங்காயம், மிளகாய், புகையிலை முதலியன அம்மணலிலேயே விளைகின்றன. விளைவதற்கு எருவும் கிணற்று நீரும் இடைவிடாது வேண்டும். பால் தருவதோடு எருவுந் தருவதாலும், பணமுடை நேர்ந்தவிடத்து விற்கத்தக்க பொருளாய் நிற்பதாலும், பசு இங்கே சிறு குடும்பத்தின் வைப்புப் பணம் போன்றது. நூறு பசு வைத்திருப்பவனுக்கு ஒன்று மலடாயின் அது கணக்கிலே ஒரு கழிவு. இரண்டு நாகுகளை மட்டும் வைத்திருப்பவனுக்கோ தொழுவத்தின் வருங்காலத்திற் பாதி போயிற்று. நம் நாட்டு மாடுகள் முதல் ஈற்றுக்கு மூன்று நான்கு ஆண்டு கொள்வன. அத்தனை காலமும் வைக்கோலும் தழையும் சுமந்து போட்ட பின்னரே குறை வெளிப்படுமாயின், இழந்த காலத்தை யார் மீட்டுத் தருவார்?

பிறவி மலட்டுள் மிகத் தெளிவானதும், அறிவியல் வரலாற்றிற் பெருஞ் சிறப்புடையதும், நாம்பன் கன்றோடு இரட்டையாய்ப் பிறந்த நாகின் மலடாகும். ஆங்கிலேயர் அதனைப் பிரீமாட்டின் என்பர். உரோமர் காலத்து வேளாண்மை நூலாசிரியரான வாரோ, ஈனாத பசுவைக் காளையின் பெயரைப் பெண்பாலாக்கி வழங்கியதைக் குறித்துள்ளார். இலண்டன் மாநகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சோன் அண்டர் 1779ஆம் ஆண்டில் இத்தகைய மாடுகளின் உள்ளுறுப்புக்களை ஆராய்ந்து அரச கழகத்தின் ஏட்டில் விரிவாக எழுதினார். புறத்தே பசுவாகத் தோன்றும் அவ்விலங்கின் அகத்தே பசுவின் உறுப்புக்கள் குறைபட்டும் காளையின் உறுப்புக்கள் அரைகுறையாகத் தலைகாட்டியும் இருத்தலை அவர் கண்டார். ஏன் இவ்வாறாயிற்று என்ற வினாவுக்கு விடை கிடைக்க மேலும் நூற்று முப்பதாண்டுகளுக்கு மேற் சென்றன.

1910ஆம் ஆண்டுக்குப் பின் ஒசுத்திரியாவில் கெல்லர், தண்டுலர் என்போரும், 1916ஆம் ஆண்டில் சிக்காகோவில் இலில்லி என்பாரும் தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தனர். பசுவின் கருப்பையில் இரண்டு கருக்கள் தங்கும்போது அவற்றைச் சூழ்ந்த சவ்வுகள் மிக இளம் பருவத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுகின்றன. ஒட்டிய இடத்திலே ஒன்றன் குருதிக்கலன்கள் மற்றையதன் குருதிக்கலன்களோடு இணைந்து விடுகின்றன. அதன்பின் இருவர்க்கும் குருதி பொதுவாகின்றது. ஆண்கருவின் விதை ஏறத்தாழ நாற்பதாம் நாளளவில் உருப்பெறத் தொடங்கும். பெண்கருவின் சூலகமோ பிந்தியே உருப்பெறுவது. ஆகவே ஆண்கருவிற் சுரக்கும் பொருள்கள் குருதிவழிச் சென்று, தன் உறுப்புக்களை இன்னும் அமைத்து முடியாத பெண்கருவைத் தாக்குகின்றன. முந்தியவன் கையில் ஆட்சி.

அப்பொருள்கள் யாவை என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் அல்பிரட் சொசுத்து தெளிவாக்கினார். 1947ஆம் ஆண்டில் அவர் தாயின் வயிற்றிலிருந்த முயற்கருக்களின் விதைகளை நீக்கிப் பார்த்தபோது, ஆணாயிருந்த கருக்களும் பெண்ணுறுப்புக்களையே வளர்த்தன. பெண்ணுறுப்பு அமைவதற்குத் தனி ஏவல் வேண்டுவதில்லை; அதனைத் தடுப்பதற்கே ஏவல் வேண்டும் என்பது அதனாற் புலனாயிற்று. கருப்பையும் சூற்குழாய்களும் யோனியின் மேற்பகுதியும் உருவாவதற்குரிய முல்லர் குழாய்களைச் சிதைக்கின்ற ஓமோன் ஒன்று விதையிற் சுரக்கின்றது; ஆணுறுப்புக்களை வளர்க்கும் ஓமோன் வேறு. இரட்டை நாகில் முதலாவது ஓமோன் பொதுக் குருதி வழியே வந்து முல்லர் குழாய்களை அழிக்க, கருப்பை நூலளவாய்க் குறுகுகின்றது. சூலகமும் வளராது நிற்கின்றது. இவ்வாறு பிறக்கும் நாகுகளுள் 100க்கு 90க்கு மேற்பட்டவை மலடாகும். சவ்வுகள் ஒட்டியும் குருதிக்கலன்கள் இணையாது விட்ட சிலவே தப்புகின்றன.

ஈண்டு ஒரு கிளைக்கதை கூறாது அப்பாற் செல்ல மனமில்லை. 1945ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு இரே ஓவன் என்பார் மாடுகளின் குருதியினங்களை ஆராய்ந்தபோது, இரட்டைக் கன்றுகள் ஒவ்வொன்றின் உடலிலும் தன் குருதிக்கலங்களோடு மற்றையதன் கலங்களும் கலந்து வாழ்வதைக் கண்டார். வளர்ந்த பின்னரும் அக்கலப்பு நீங்குவதில்லை. பிறனுடைய கலத்தை உடல் ஏன் பகையென்று தள்ளவில்லை? கருவாயிருக்கும்போதே பழகிய பொருளை உடல் தன்னுடையதாகவே கொள்ளும் என்று அவுஸ்திரேலியரான பேணற்று 1949ஆம் ஆண்டில் ஊகித்தார். இங்கிலாந்திற் பீற்றர் மெடவார் குழுவினர் ஒரே சூலிற் பிறந்த இரட்டைக் கன்றுகளையும் இரு சூலிற் பிறந்தவற்றையும் தோலொட்டு முறையாற் பிரித்தறிய முயன்று, ஏறக்குறைய எல்லாக் கன்றுகளும் ஒன்றன் தோலை மற்றொன்று ஏற்றல் கண்டு வியந்தனர். 1953ஆம் ஆண்டில் எலிகளில் நடத்திய சோதனையால் அக்கருத்து உறுதியாயிற்று. 1960ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நொபெல் பரிசு பேணற்றுக்கும் மெடவாருக்கும் வழங்கப்பட்டது. இன்று ஒருவரின் சிறுநீரகத்தை மற்றொருவருக்கு வைப்பது பற்றி மருத்துவ மாணவர் படிக்கும் பாடத்தின் ஒரு வேர் மாட்டுத் தொழுவத்திற் சென்று முடிகின்றது.

நிற்க. இதனைக் கேட்ட மாணவர் சிலர், மக்களுள் ஆணும் பெண்ணுமாய்ப் பிறக்கும் இரட்டையர்க்கும் இக்குறை உண்டோ என வினவுவர். இல்லை. மனித இனத்தில் இரு சூலிற் பிறக்கும் இரட்டையரின் சூல்வித்தகங்கள் அருகருகே ஒட்டினும் குருதிக்கலன்கள் இவ்வாறு இணைதல் மிக மிக அரிது. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் இரட்டைக் குட்டி இயல்பாயிருந்தும் இவ்வகை மலடு அரிதாகவே காணப்படும். மாட்டின் சூல்வித்தகத்துக்கே இது பெரும்பாலும் உரியது. இரட்டையாய்ப் பிறந்த பெண்பிள்ளையைப் பற்றி எவரேனும் மாட்டை உவமை காட்டிப் பேசுவாராயின், அப்பேச்சை அங்கேயே மறுத்து நிறுத்துதல் கற்றோர் கடன்.

இம்மலட்டை அறிதல் எளிது. வியப்பூட்டும் அளவுக்கு எளிது. பிறந்து ஒரு மாதத்துக்குள் கன்றின் யோனியின் நீளத்தை வழுவழுப்பான, நுனி மழுங்கிய, தூய்மை செய்த சிறு குழாயொன்றாற் பார்க்கலாம். குறையில்லாத நாகுகன்றில் அது 13 முதல் 15 சென்றிமீற்றர் வரை செல்லும். மலட்டுக் கன்றில் 5 முதல் 8 சென்றிமீற்றரில் முட்டி நின்றுவிடும். கை பழகிய கால்நடை வைத்தியரே இதனைச் செய்தல் வேண்டும்; முரட்டுத்தனமாய்ச் செலுத்தினால் நல்ல கன்றும் புண்படும். யோனிவாயிற் சிறுத்த அமைப்பும் அதன் கீழ்முனையில் நீண்ட மயிர்க்கற்றையும் சிலவற்றிற் காணப்படும். ஐயம் இருப்பின் குருதிச் சோதனை உண்டு. மாட்டின் கலத்தில் 60 நிறமூர்த்தங்கள் உள்ளன. நாகின் குருதியில் ஆணுக்குரிய நிறமூர்த்தங் கொண்ட கலமும் கலந்திருப்பின் முடிவு தெளிவு.

நாட்டு மாடுகள் இரட்டை ஈனுதல் மிக அரிதாகையால், நம் முன்னோர்க்கு இக்குறை அடிக்கடி தட்டுப்பட்டிராது. பிரீசியன் முதலிய கறவையினங்களிலோ 100 ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை இரட்டையாதல் உண்டு. இரட்டைகளுள் ஏறத்தாழப் பாதி ஆணும் பெண்ணுமாய் அமையும். கலப்பினம் பெருகப் பெருக இம்மலடும் பெருகும் என்று எதிர்பார்த்தல் வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. இரட்டையுள் ஆண்கரு இடையிலே மடிந்து கரைந்துபோக, நாகு மட்டுந் தனியே பிறத்தல் கூடும். உடன்பிறப்பைக் கண்டவர் ஒருவருமிலர். குறை மாத்திரம் இருக்கும். நம்மூரில் இளங்கொடியைச் சாக்கிலோ ஓலைப்பையிலோ கட்டி ஆலமரத்திலே தொங்கவிடுதல் வழக்கம். அதனாற் பால் பெருகுமோ பெருகாதோ, அவ்வாராய்ச்சி எமக்கு வேண்டா. கட்டுமுன் ஒருமுறை விரித்துப் பார்த்து, இரண்டாவது கருவின் சுவடு ஏதேனும் ஒட்டியிருக்கின்றதா எனக் காண்பது பயனுடைத்து.

இனி, இரட்டைப் பிறப்போடு தொடர்பில்லாத குறைகளைக் காண்போம். இங்கிலாந்துச் சோட்டோண் இனத்து வெள்ளை நாகுகளிலே முல்லர் குழாயின் ஒரு பகுதி மட்டும் அமையாது போதல் நெடுநாளாக அறியப்பட்டது. சூலகம் செம்மையாயிருக்கும், நாகு 21 நாளுக்கொருமுறை தவறாது காளைக்குக் கத்தும், உடையவரும் ஒவ்வொரு முறையும் நம்பிக்கையோடு காளையிடங் கொண்டு செல்வார். ஆயின் வழி அடைபட்டிருத்தலின் கரு தங்குதற்கு இடமில்லை. சுரந்த நீர் வெளியேற மாட்டாமல் உள்ளே தேங்கும். இரட்டை மலடு பெரும்பாலும் காளையைத் தேடுவதே இல்லை. இதுவோ ஒழுங்காகத் தேடியும் பயனின்றி நிற்கும். எனவே காளைக்குக் கத்துவது ஒன்றையே கருவளத்துக்குச் சான்றாகக் கொள்ளுதல் பிழை. பெல்சிய நீல இனத்திலும் இக்குறை உண்டு. அவ்வினங்களில் வெண்ணிறத்தோடு இணைந்த பரம்பரையலகு 1999ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. நம் நாட்டு வெள்ளை மாடுகளின் நிறம் வேறு வழியில் வந்தது. ஆதலின் வெள்ளைப் பசுவைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

சுவீடன் நாட்டு மலைப்புற மாடுகளின் வரலாறு இதனினும் படிப்பினை மிக்கது. அவ்வினத்திற் பல பசுக்களுக்குச் சூலகமும் பல காளைகளுக்கு விதையும் சூம்பிப் பிறந்தன. பெரும்பாலும் இடப்பக்கத்துறுப்பே குறைபட்டது. இலாகர்லூவ் என்னும் பேராசிரியரும் அவர் வழிவந்தோரும் 1930ஆம் ஆண்டு முதலாக ஆராய்ந்து, இது பரம்பரையில் வருவதென நிறுவினர். இருபக்கமும் குறைபட்ட விலங்கு ஈனாது; ஆகவே அதனாற் பரம்பரைக்குத் தீங்கில்லை. ஒருபக்கம் மட்டுங் குறைபட்டதே ஈன்று, பொலிந்து, குறையைப் பரப்புவது! ஒற்றை விதை சிறுத்த காளை வேலையைச் செய்கின்றதே என்று வைத்திருந்தவர் எல்லாரும் அறியாமலே மலட்டை விதைத்தனர். இனவிருத்திக்கு விடுமுன் ஒவ்வொரு விலங்கையும் சோதித்துக் கழித்ததன் பயனாக, 1936ஆம் ஆண்டில் 100க்கு 17 அளவில் நின்ற குறை 1952ஆம் ஆண்டில் 7 அளவுக்கு இறங்கிற்று. மருந்தொன்றுங் கொடுத்திலர்; தெரிந்தெடுத்தல் ஒன்றே செய்தனர்.

காளையின் குறையை நம்மவர் எளிதில் ஒப்புவதில்லை. ஒரு பட்டியிற் பல பசுக்கள் சினைப்படாவிடினும் பசுக்களையே மலடென்பர். மக்கள் வாழ்விலும் அப்பழக்கம் உண்டென்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. உடல் திரண்டு, திமில் உயர்ந்து, பசுவை ஏறுதலிற் குறைவற்று விளங்குங் காளையின் விந்து முழுவதும் பயனற்றதாயிருக்கலாம். பிரீசியன் காளைகள் சிலவற்றில் விந்தணுவின் தலைநுனி முடிச்சுப்போற் பருத்திருத்தல் பரம்பரைக் குறையென அறியப்பட்டுள்ளது. அத்தகைய காளை ஒருபோதும் தந்தையாவதில்லை. நுணுக்குக்காட்டியின்கீழ் ஒரு துளி விந்தைப் பார்த்தவர்க்கு ஓராண்டுக் காத்திருப்பு மிஞ்சும். இதனினும் மறைவானது 1964ஆம் ஆண்டில் குசுத்தாவ்சன் சுவீடனிற் கண்டது. சில மாடுகளில் 1ஆம், 29ஆம் நிறமூர்த்தங்கள் ஒன்றாய் ஒட்டி, மொத்தம் 59 ஆகக் குறைந்திருந்தன. அவை ஈனும், ஆனால் அவற்றின் கருக்களிற் சில நிலைப்பதில்லை. மலடு என்றுஞ் சொல்ல முடியாது, வளம் என்றுஞ் சொல்ல முடியாது.

செயற்கைமுறைச் சினைப்படுத்தல் வந்தபின் ஒரு காளையின் நன்மையும் தீமையும் கடல் கடந்து செல்கின்றன. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பிறந்த சீவ் என்ற ஒல்சுதைன் காளைக்கு 16,000 பெண்மக்களும், 500,000 பேர்த்திகளும், 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்ளுப்பேர்த்திகளும் உளர். பால்வளத்தில் அக்காளையின் கொடை அளவிடற்கரியது. ஆயின் அதன் ஒரு பரம்பரையலகில் ஒரு பழுதிருந்தது. பழுதை இருபுறத்தாலும் பெற்ற கரு கருப்பையிலேயே மடியும். 2011ஆம் ஆண்டிற் கணக்கியல் முறையால் ஐயுறப்பட்டு, 2016ஆம் ஆண்டில் உறுதிசெய்யப்பட்ட அப்பழுதால் உலகெங்கும் ஏறத்தாழ 500,000 கருக்கள் அழிந்தன என மதிப்பிட்டுள்ளனர். ஐம்பது ஆண்டு ஒருவருக்குந் தெரியவில்லை. கரு நிலைக்கவில்லை என்று மட்டும் எங்கோ ஒரு தொழுவத்தில் ஒருவர் சலித்துக்கொண்டிருப்பார். இந்தியாவில் விந்து நிலையங்களுக்குத் தெரியும் காளைகளின் நிறமூர்த்தங்களையும், பரம்பரை நோய்கள் சிலவற்றையும் முன்கூட்டியே சோதிக்கும் விதி இத்தகைய அனுபவங்களின் பயனேயாம்.

இவ்வளவு பெரிய உலகை விட்டு மீண்டும் சிற்றூருக்கு வருவோம். ஊர்க்காளை ஒன்றே ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் துணையாகி, மூன்று நான்காண்டு கழித்துத் தன் பெண்மக்களோடும் சேருமாயின் நேர்வது யாது? காளை ஒரு பின்னிடைவான குறையை மறைவாகச் சுமந்திருப்பதாகக் கொள்வோம். குறையில்லாத பசுக்களிற் பிறந்த அதன் நாகுகளிற் பாதி அக்குறையைச் சுமக்கும். சுமக்கும் நாகோடு அக்காளை சேரின் நான்கு கன்றுக்கு ஒன்றிற் குறை வெளிப்படும்; எல்லா நாகுகளையுஞ் சேர்த்து நோக்கின் எட்டுக்கு ஒன்று. வெளியூர்க் காளையாயின், அக்குறை அரிதாயிருக்குமளவில், ஏறத்தாழ ஒன்றுமே வெளிப்படாது. ஆகவே மூன்றாண்டுக்கொருமுறை காளையை மாற்றுதலும், வேண்டாத நாம்பன்களைப் பருவமடையுமுன் நலமடித்தலும், குண்டசாலை நிலையத்திலிருந்து வரும் சோதித்த விந்தைப் பயன்படுத்தலும் செலவு குறைந்த காவல்களாகும்.

இவ்வளவு எழுதியபின் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். வறண்ட கரையோரத்தில் சினைப்படாது நிற்கும் மாடுகளைப் பிறவி மலடென்று முதலிலேயே கொள்ளுதல் என் கருத்துக்கு ஒவ்வாது. அவற்றிற் பெரும்பான்மை பசித்த மாடுகள். கோடையிற் புல் காய்ந்தபின் தென்னந்தோட்டத்து ஓலையும் பற்றைத்தழையும் தின்று எலும்பு தோன்ற நிற்கும் நாகின் சூலகம், தன்னைக் காக்கவே உணவு போதாதபோது மற்றோர் உயிருக்கு இடமளிப்பதில்லை. பொசுபரசு குறைந்த மணற்றரைப் புல்லும் அவ்வாறே தாமதத்தை விளைக்கும். உர மிகுதியாற் கற்பிட்டித் தீபகற்பத்தின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நைத்திரேற்று மிகுந்த நீரும் தீனியும் மாட்டிற் கருச்சிதைவை உண்டாக்க வல்லவை. இவை நீக்கக்கூடியவை. வடகீழ்ப் பருவமழையின் பின் புல் தளிர்க்க, உடல் தேறிய நாகு தானே காளையைத் தேடும். 2017ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 5,000 அளவிலான கறவை நாகுகள் பற்றிப் பண்ணையாளர் பலர் கருவளக் குறைவையும் நோயையும் முறையிட்டனர். அத்தகைய முறையீட்டை ஆராய்பவர், தீனி, தட்பவெப்பம், தொற்றுநோய், பிறவிக் குறை என்ற நான்கையும் வேறு வேறாகப் பிரித்தறியாமல் ஒரு சொல்லும் தீர்ப்பாகச் சொல்லலாகாது.

ஆகவே நாகு பருவங் கடந்தும் நிற்கின், முதலில் ஆறு மாதம் நல்ல தீனியும் தாதுப்பொருட் கலவையும் கொடுத்துப் பார்த்தல். காளைக்குக் கத்தும் நாட்களைக் குறித்து வைத்தல். காளையை மாற்றிப் பார்த்தல். அதன்பின் பிரதேசக் கால்நடை வைத்தியரைக் கொண்டு குதவழியே கையிட்டுக் கருப்பையையும் சூலகத்தையும் சோதிப்பித்தல் என்ற ஒழுங்கே தக்கது. இரட்டையாய்ப் பிறந்த நாகுக்கு மாத்திரம் இவ்வொழுங்கு பொருந்தாது. அதனைப் பிறந்த மாதத்திலேயே சோதித்தல் வேண்டும். மலடென்று தெளிந்த நாகு பயனற்றதென்றும் கொள்ளற்க. உடலாற் காளைபோல் திரளும் அதனை மேலைநாட்டு உழவர் முற்காலத்தில் ஏரிலும் பூட்டினர். நமக்கு எருவுக்கேனும் உதவும். சந்தையில் விற்பவர் வாங்குபவர்க்கு உண்மையைச் சொல்லி விற்றல் வேண்டும் என்பதே நுரைச்சோலை போன்ற சிற்றூரிற் பெரிது. ஏனெனில் வாங்குபவரும் பெரும்பாலும் இரண்டு நாகு வைத்திருப்பவரே.

மாடு இல்லாதார் வீட்டிலும் ஆடு உண்டாதலின் ஆட்டைப் பற்றியும் ஒரு சொல். புத்தளம் மாவட்டத்துக் கொட்டுக்கச்சியப் பண்ணையின் பெயராலேயே ஓர் ஆட்டினம் வழங்குமளவுக்கு இம்மாவட்டம் ஆடு வளர்ப்பில் முன்னிற்பது. வெள்ளாட்டிற் கொம்பில்லாமையும் இருபாற் குறையும் ஒரே பரம்பரை வழியாய் வருவதை அசுதெல் என்பார் 1944ஆம் ஆண்டில் விளக்கினார். 2001ஆம் ஆண்டில் அதற்குக் காரணமான நிறமூர்த்தச் சிதைவும் கண்டறியப்பட்டது. கொம்பில்லாமை ஆட்சியானது, இருபாற் குறையோ பின்னிடைவானது, அதுவும் பெண்குட்டிகளிலேயே வெளிப்படுவது. எனவே கொம்பில்லாத கிடாயையும் கொம்பில்லாத மறியையும் இணைத்தால், பெண்ணாய்ப் பிறக்க வேண்டிய குட்டிகளிற் சில கிடாயுமன்றி மறியுமன்றி நிற்கும். முட்டாத ஆடு நல்லதென்று கொம்பில்லாதவற்றையே விரும்பித் தெரிந்தெடுப்போர் பலர். தாய் தந்தை இரண்டனுள் ஒன்றேனும் கொம்புடையதாயின் அக்குறை தோன்றாது.